நண்டின் கண்ணும் நம் கண்ணும்: உயிர்ச்சத்து ஏ சுமக்கும் புரதங்களின் வரலாறு

நண்டுக்கு நான்கு அறிவு உண்டு என்று வகுத்தவர் தொல்காப்பியர். மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை படிப்படியாக ஏற்றிச் செல்லும்போது நண்டையும் தும்பியையும் நாலாம் படியில் நிறுத்துகிறார். உடம்பு, நா, மூக்கு என்ற மூன்றுக்கும் மேலே நாலாவதாக வரும் அறிவு கண். எங்கள் சமண மரபில் தத்துவார்த்த சூத்திரமும் ஏறக்குறைய இதே அடுக்கைத்தான் சொல்கிறது. புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்பது அங்கே வரும் எடுத்துக்காட்டு. தொல்காப்பியர் சமணரா இல்லையா என்பதில் வையாபுரிப் பிள்ளை ஒரு பக்கம், அவரை மறுப்பவர்கள் ஒரு பக்கம். அந்த வழக்குக்குள் நான் இப்போது நுழையவில்லை. நண்டுக்குக் கண் உண்டு என்று பார்த்து எழுதிய அந்த ஒரு செய்தி போதும், மேலே செல்லலாம்.

அந்தக் கண்ணுக்கு எரிபொருள் எது? நம் கண்ணுக்கு எதுவோ அதுவேதான். உயிர்ச்சத்து ஏ, அதாவது வைட்டமின் ஏ. தண்ணீரில் கரையாத இந்தப் பொருளை உடம்புக்குள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக ஒரு புரதம் வேண்டும். அந்தச் சுமக்கும் புரதம் நம் இரத்தத்திலும் உண்டு. அதன் உறவினர்கள் இறாலிலும் சிங்கி இறாலிலும் உண்டு. இந்தச் செய்தி உலகுக்குத் தெரிய வந்த வரலாற்றில் குன்னூருக்கும் பெங்களூருக்கும் ஓர் இடம் இருக்கிறது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பருப்பு மண்டிக்காரனுக்கு இறால் கண்ணில் என்னய்யா வேலை என்று கேட்பீர்கள். வீட்டிலேயே கேட்டார்கள். "தாத்தா, நாம சாப்பிடவே மாட்டோம், அதைப் பத்தி எதுக்கு எழுதறீங்க?" என்றாள் பேத்தி. அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் விளக்கு வைக்கும் நேரம் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். மாலைக்கண். டாக்டர் மீன் எண்ணெய் கொடுக்கச் சொன்னார். பாட்டி மாட்டேன் என்றுவிட்டார். முருங்கைக் கீரையும் பாலும் நெய்யுமாக மாதக்கணக்கில் கொடுத்து அவன் தேறினான். அவன் தேறினான் என்பது எனக்குப் போதவில்லை. தேறாமல் போயிருந்தால்? அகிம்சை நோன்பு ஒரு பிள்ளையின் கண்ணை விலையாகக் கேட்குமா? இந்தக் கேள்விதான் என்னை நாற்பது ஆண்டுகளாகப் புத்தகம் புரட்ட வைத்தது.

கேள்வி புதிதல்ல. சுசுருத சங்கிதை மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரலைச் சொல்கிறது. ஈரலில் உயிர்ச்சத்து ஏ குவிந்து கிடக்கிறது என்பதால் அந்த வைத்தியம் பலித்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் 9-ஆம் நூற்றாண்டில் உக்கிராதித்தியர் என்ற சமண முனிவர் 'கல்யாணகாரகம்' என்று ஒரு வைத்திய நூலை வடமொழியில் எழுதினார். ஊன், கள், தேன் மூன்றையும் மருந்திலிருந்தே விலக்கிய நூல் அது. இந்தக் கன்னட நாட்டை ஆண்ட இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் அவையில், ஊன் மருந்தாகாது என்று அவர் வாதிட்டதை அந்நூலின் இறுதிப் பகுதி சொல்கிறது. 1940-இல் சோலாப்பூரில் அச்சேறியது. இந்நூலை வைத்துக்கொண்டு, "நம் முன்னோர்க்கு வைட்டமின் எல்லாம் அப்போதே தெரியும்" என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்களுக்கு நோய் தெரிந்தது, சில மருந்தும் தெரிந்தது, காரணம் தெரியாது. காரணம் தெரிந்தது நம் பாட்டன் காலத்தில்தான்.

அமெரிக்காவில் விஸ்கான்சினில் மெக்கல்லமும் டேவிசும், கனெக்டிகட்டில் ஆஸ்பர்னும் மெண்டலும், 1913-இல் தனித்தனியே வெளியிட்ட எலிச் சோதனைகளிலிருந்து இக்கதை தொடங்குகிறது. வெண்ணெயிலும் முட்டைக் கருவிலும் இருக்கிற ஏதோ ஒன்று இல்லாவிட்டால் எலிக்குட்டி வளரவில்லை. அந்த 'ஏதோ ஒன்று' பின்னர் வைட்டமின் ஏ எனப் பெயர் பெற்றது. 1922-இல் சென்னை அரசு கண் மருத்துவமனையின் ஆர்.ஈ. ரைட், தென்னிந்தியப் பிள்ளைகளின் கருவிழி மெழுகாய் உருகிக் குருடாகும் நோயைப் பற்றி இங்கிலாந்தின் கண் மருத்துவ இதழில் எழுதினார். மாலைக்கண்ணின் முற்றிய நிலை அது. எழும்பூரில் அந்த ஆஸ்பத்திரி வாசலில் அப்படி எத்தனை தாய்மார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள்!

குன்னூரில் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918-இல் பெரிபெரி நோயை விசாரிக்க ஒரு சிறு பிரிவு தொடங்கியது. நடத்தியவர் இராபர்ட் மெக்காரிசன். 1928-இல் அதுவே ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்கள் என்ற முழு நிறுவனமாயிற்று. மெக்காரிசன் செய்த ஒரு சோதனையைத் தமிழர்கள் மறக்கக் கூடாது. சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் என ஏழு சாப்பாட்டு முறைகளை ஏழு கூட்டம் எலிகளுக்குக் கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, கீரை உண்ட 'சீக்கிய' எலிகள் முதலிடம். தீட்டிய அரிசிச் சோறு உண்ட 'மதராசி' எலிகள் கடைசி. இங்கே கவனிக்க வேண்டியது, கடைசி இடத்துக்குக் காரணம் மாமிசக் குறைவு அல்ல. பாலும் கீரையும் பருப்பும் குறைந்ததுதான். 1935-இல் அங்கே தலைமை ஏற்ற அய்க்ராய்டு, இந்திய உணவுப்பொருள்களின் சத்து அட்டவணையை 1937-இல் வெளியிட்டார். இன்று நாம் கீரைக் கட்டில் இன்ன சத்து என்று பேசுவதெல்லாம் அந்த வழியில் வந்ததே.

இதற்கிடையே உயிர்ச்சத்து ஏ-யின் பூர்வீகம் தெரிந்துவிட்டது. 1930-இல் கேம்பிரிட்ஜில் தாமஸ் மூர், செடிகளின் மஞ்சள் நிறமியான கரோட்டின் எலியின் உடம்பில் உயிர்ச்சத்து ஏ-யாக மாறுவதைக் காட்டினார். 1931-இல் சுவிட்சர்லாந்தின் பால் காரர் அதன் வேதி அமைப்பை வரைந்தார்; 1937-இல் நோபல் பரிசு பெற்றார். எந்த விலங்கும் இந்தச் சத்தைத் தானே வெறுங்கையால் செய்துகொள்வதில்லை. மீன் ஈரலில் இருப்பது, மீன் தின்ற சிற்றுயிர் தின்ற பாசியிலிருந்து வந்தது. ஆட்டு ஈரலில் இருப்பது ஆடு மேய்ந்த தழையிலிருந்து வந்தது. முதல் கொள்முதல் எப்போதும் பச்சையிடம்தான். மற்றவர்கள் எல்லாம் இடைத்தரகர்கள்.

ஆனால் போர்க்காலத்தில் இடைத்தரகருக்குத்தான் கிராக்கி. இரண்டாம் உலகப் போரில் நார்வேயின் காட் மீன் எண்ணெய் வரத்து நின்றபோது, மலபார், திருவிதாங்கூர்க் கரைகளில் சுறா ஈரல் எண்ணெய்த் தொழில் தலையெடுத்தது. 1947-இல் சுவிட்சர்லாந்தின் ரோஷ் கம்பெனியில் ஆட்டோ இஸ்லர் உயிர்ச்சத்து ஏ-யைத் தொழிற்சாலையில் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். எங்கள் பாட்டி பத்து மைல் தள்ளியிருந்த மருந்துக்கடையில் கேட்டிருந்தால், மீனே சேராத வைட்டமின் ஏ அவர் காலத்திலேயே கிடைத்திருக்குமோ என்னவோ!

இனி பெங்களூருக்கு வருவோம். யஷ்வந்த்பூர் மண்டியிலிருந்து பார்த்தால் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது இந்திய அறிவியல் கழகம். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் விழிப்பார். "டாட்டா இன்ஸ்டிடியூட்" என்றால் மீட்டரைப் போடுவார். 1909-இல் தோன்றிய இந்த நிறுவனத்தில் 1921-இல் உயிர்வேதியியல் துறை வந்தது. இத்துறை எனக்கு முதலில் அறிமுகமானது உயிர்ச்சத்து மூலமாக அல்ல, கேசரிப் பருப்பு மூலமாக. துவரம்பருப்போடு கலப்படம் செய்யப்பட்டு, நெடுநாள் தின்றவர் காலை முடக்கும் அந்தப் பருப்பின் நச்சுப்பொருளை 1960-களில் பிரித்துக் காட்டியவர்கள் இத்துறையின் எஸ்.எல்.என். ராவ், பி.ஆர். அடிகா, பி.எஸ். சர்மா ஆகியோர். பருப்பு வியாபாரி அந்தப் பெயர்களை மறக்க முடியுமா?

அந்த அடிகாவே பின்னாளில் உயிர்ச்சத்துகளைச் சுமக்கும் புரதங்களுக்கு வந்தார். பெர்டூர் ராதாகாந்த அடிகா, 1935-இல் பிறந்தவர், 1980-இல் பட்நாகர் பரிசு பெற்றவர். கோழி முட்டைக்குள் குஞ்சு வளரத் தேவையான உயிர்ச்சத்துகள் தாய்க்கோழியின் இரத்தத்திலிருந்து எப்படிக் கருவுக்குள் போகின்றன என்பது அவர் கேள்வி. முட்டையிடும் பருவத்தில் பெண்மைச் சுரப்பு ஏறும்போது, கோழியின் ஈரல் சுமக்கும் புரதங்களைக் கூடுதலாகச் செய்து இரத்தத்தில் விடுகிறது. அவை சரக்கோடு முட்டைக்குள் சேருகின்றன. உயிர்ச்சத்து பி2-வைச் சுமப்பதைப் பற்றி அவர் செய்த ஆய்வே பெரும்புகழ் பெற்றது. உயிர்ச்சத்து ஏ-யைச் சுமக்கும் புரதத்தையும் அவர் குழு ஆராய்ந்தது.

மண்டி பாஷையில் சொன்னால் இப்புரதம் ஹமாலி. குடோன் நிறையச் சரக்கு இருக்கலாம், லாரியும் வாசலில் நிற்கலாம். மூட்டை தூக்க ஆள் வராவிட்டால் கடைக்குச் சரக்கு போகாது. மனித இரத்தத்தில் இந்த ஹமாலியை 1968-இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கனாய், ராஸ், குட்மன் மூவரும் பிரித்தெடுத்தார்கள். ஈரல்தான் குடோன். அங்கிருந்து கிளம்பும் ஒவ்வொரு ரெட்டினால் மூலக்கூறுக்கும் (உயிர்ச்சத்து ஏ-யின் ஒரு வடிவம் இது) ஒரு புரதம் துணை போகிறது. இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1961-இல் குவாத்தமாலாவில் அரோயாவே குழுவினர், புரதப் பஞ்சத்தில் வாடிய பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். புரத உணவு கொடுத்தவுடன், சில பிள்ளைகளுக்கு உயிர்ச்சத்து ஏ தனியாகக் கொடுக்காமலே இரத்தத்தில் அதன் அளவு ஏறியது. சரக்கு ஈரலில் இருந்திருக்கிறது. தூக்க ஆள்தான் இல்லை. ஆகவே கீரை மட்டும் கொடுத்துவிட்டுப் பருப்பையும் பாலையும் நிறுத்தினால் பிள்ளையின் கண் தேறாது. பருப்பு விற்கிறவன் சொல்கிறான் என்று சிரிக்காதீர்கள், அந்த ஆராய்ச்சி சொல்வதும் அதுதான்.

இனி நண்டு, இறால்.

அடிகாவுக்கு முன்பே இந்த டாட்டா இன்ஸ்டிடியூட்டில் உயிர்ச்சத்து ஏ-க்கு ஒரு பெரிய ஆள் இருந்தார்: ஜகந்நாத் கங்குலி. இளமையில் இங்கிலாந்தில் ரெடிங் நகர்ப் பக்கத்தில் பால்பண்ணை ஆய்வு நிறுவனத்தில் தாம்ப்சன், கான் என்பவர்களோடு வேலை செய்தார். கரோட்டின் உயிர்ச்சத்து ஏ-யாக மாறும் இடம் ஈரல் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம். இல்லை, குடற்சுவர்தான் என்று இந்த மூவரும் 1949-இல் விரிவாக எழுதினார்கள். பிறகு கங்குலி பெங்களூரில் பேராசிரியராக இருந்து, உயிர்ச்சத்து ஏ-யின் உயிர்வேதியியல் பற்றி 1989-இல் ஒரு முழு நூலே எழுதினார்.

கங்குலியுடன் வேலை செய்த அதே தாம்ப்சனும் கானும்தான், பிஷர் என்பவரைச் சேர்த்துக்கொண்டு, 1952-இல் கடல்வாழ் ஓட்டுடலிகளின் உயிர்ச்சத்து ஏ பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். பால்பண்ணைக்காரர்களுக்குக் கடலில் என்ன வேலை? திமிங்கிலத்தின் ஈரலில் உயிர்ச்சத்து ஏ ஏராளம். திமிங்கிலமோ கிரில் என்ற பொடி இறாலைத் தின்கிறது. அப்படியானால் கிரிலில் அது எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். உடம்பில் அல்ல, ஏறக்குறைய எல்லாமே கண்ணில் இருந்தது! உடம்பு முழுவதும் அஸ்டாஸாந்தின் என்ற சிவப்பு நிறமி, கண்ணில் மட்டும் உயிர்ச்சத்து ஏ. நமக்கு ஈரல் குடோன் என்றால் கிரிலுக்குக் கண்ணே குடோன்.

1957-இல் ஹார்வர்டில் ஜார்ஜ் வால்டும் பர்க்கும் சிங்கி இறாலில் இதையே கண்டார்கள். கண்ணில் இருந்த உயிர்ச்சத்து ஏ-யும் பெரும்பாலும், பார்வைக்கு வேண்டிய வளைந்த வடிவிலேயே தயாராக இருந்தது. 1933-லேயே விழித்திரையில் உயிர்ச்சத்து ஏ இருப்பதைக் கண்டவர் வால்ட்; 1967-இல் நோபல் பரிசு பெற்றார். நாலாம் அறிவுக்கும் நம் ஐந்தறிவுக்கும் பொதுவான சரக்கு இது என்பதை நிறுவியதில் அவர் பங்கு பெரிது.

வால்டின் இன்னொரு வேலையும் இங்கே முக்கியம். உயிரோடு இருக்கும் ஐரோப்பியச் சிங்கி இறால் கருநீலம். வெந்நீரில் போட்டால் சிவப்பு. இதைச் சமையலறையில் பார்த்தவர்கள் கோடிப்பேர். நான் பார்த்ததில்லை, பார்க்கவும் விருப்பமில்லை. ஓட்டில் அஸ்டாஸாந்தினைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு புரதம் அதை நீலமாகக் காட்டுகிறது. சூட்டில் புரதம் குலைந்ததும் நிறமி தன் சிவப்பைக் காட்டுகிறது. இந்த நீலப் புரதத்துக்குக் கிரஸ்டசயனின் என்று வால்ட் குழு 1948-இல் பெயரிட்டது. 1984-இல் சுவீடனின் உப்சாலாவில் மனித ஹமாலிப் புரதத்தின் வடிவம் படமாக்கப்பட்டது. எட்டு இழைகளால் முடைந்த கூடை, நடுவே பள்ளம், பள்ளத்தில் ரெட்டினால். 1991-இல் கிரஸ்டசயனினின் அமினோ அமில வரிசையைப் படித்தபோது அதுவும் அதே குடும்பம் என்று தெரிந்தது. 2002-இல் ஹெல்லிவெல் குழுவினர் அதன் ஒரு பகுதியைப் படமெடுத்தார்கள். அதே எட்டு இழைக் கூடை. இக்குடும்பத்துக்கு லிப்போகாலின் என்று பெயர்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். கிரஸ்டசயனின் சுமப்பது உயிர்ச்சத்து ஏ-யை அல்ல, அதன் ஒன்றுவிட்ட உறவான அஸ்டாஸாந்தினை. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கடுகும் கேழ்வரகும் உருண்டை என்பதால் ஒரே மூட்டையில் கொட்ட முடியாது. உயிர்ச்சத்து ஏ-யையே பிடிக்கும் புரதம் இறாலில் உண்டா என்பதற்கு விடை அதே 2002-இல் ஹாங்காங்கிலிருந்து வந்தது. மெட்டாபெனயஸ் என்சிஸ் என்ற இறாலில், ரெட்டினாலையும் அதன் அமில வடிவத்தையும் பிடிக்கும் புரதத்தை அங்குள்ளவர்கள் கண்டு எழுதினார்கள். இது இரத்தத்தில் ஓடும் ஹமாலி அல்ல. உயிரணு என்ற கடைக்குள்ளேயே சரக்கை நகர்த்தும் பையன். இதன் குடும்பத்துக் கூடைக்குப் பத்து இழை. நம் உயிரணுக்களிலும் இதே குடும்பத்துப் பையன்கள் உண்டு.

எலி, கோழி, கிரில், சிங்கி இறால் என்று இத்தனை உயிர்களைக் கொன்று வந்த அறிவு இது என்பதை ஒரு சமணன் மறைக்கக் கூடாது. அந்த அறிவால் பிழைத்த கண்களையும் மறைக்கக் கூடாது. சேலத்தில் 1918-இல் பிறந்த சி. கோபாலன் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, 1958-இல் அது ஐதராபாத்துக்கு மாறியபின் அங்கே தலைமை ஏற்றார். ஈரல் குடோனில் சரக்கு நெடுநாள் தங்கும் என்ற உண்மையை வைத்துத்தான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் யூனிட் சொட்டு மருந்து கொடுக்கும் தேசியத் திட்டம் 1970-இல் வந்தது. கோபாலன் நூறு வயது கண்டு 2019-இல் மறைந்தார்.

அவரும் சகாக்களும் 1971-இல் வெளியிட்ட உணவு அட்டவணை என் கல்லாப்பெட்டிக்கு மேலே இருக்கிறது. நூறு கிராமில் கரோட்டின், மைக்ரோகிராம் கணக்கில்: முருங்கைக் கீரை 6780, முளைக்கீரை 5520, அகத்தி 5400, மாம்பழம் 2743, கேரட் 1890. மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு, வேர் வகைகளை எங்களில் நோன்புடையவர்கள் தொடுவதில்லை, கேரட் உட்பட. கேரட் தின்னாத பிள்ளைக்குக் கண் கெட்டுவிடும் என்று பயமுறுத்தும் அக்கம்பக்கத்தாருக்கு இந்த அட்டவணையைத்தான் எடுத்து நீட்டுவேன். ஆனால் நம் பக்கத்து வாதத்தையும் ஊதிப் பெரிதாக்கக் கூடாது. கீரையின் கரோட்டின் முழுவதும் உடம்பில் ஏறாது. பன்னிரண்டு பங்கு கரோட்டின் கொடுத்தால் ஒரு பங்கு ரெட்டினால் என்பதே 2001-இல் அமெரிக்க வல்லுநர்கள் போட்ட கணக்கு. கீரையை ஒரு கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விட்டுத் தாளிக்காவிட்டால் அதுவும் குறையும். வயிற்றுப்போக்கும் பூச்சியும் உள்ள பிள்ளைக்கு இன்னும் குறையும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அங்கன்வாடியில் கொடுக்கும் சொட்டு மருந்தை வேண்டாம் என்று சொல்ல எந்த ஆகமமும் நமக்கு அதிகாரம் தரவில்லை. பேறுகாலத்துப் பெண்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் வைட்டமின் ஏ மாத்திரை விழுங்கக் கூடாது. அளவு மிஞ்சினால் கருவுக்கு ஊறு.

உக்கிராதித்தியர் அவையில் வைத்த வழக்கு இன்னும் முடியவில்லை. மைசூரில் சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்னும் உணவு ஆய்வு நிறுவனத்தில், ஏற்றுமதி இறாலின் தலை, ஓடு ஆகிய கழிவிலிருந்து அஸ்டாஸாந்தினைப் பிரிக்கும் வழிகளை ஆராய்ந்தார்கள். அதே நிறுவனத்தில், ஹீமட்டோகாக்கஸ் என்ற நன்னீர்ப் பாசியை வளர்த்து அதே நிறமியை எடுக்கும் ஆராய்ச்சியும் நடந்தது. வெயிலும் பட்டினியும் தாங்க முடியாதபோது அந்தப் பச்சைப் பாசி சிவப்பாகிறது. கடைக்காரர் அஸ்டாஸாந்தின் மாத்திரை என்று ஒரு டப்பாவை நீட்டினால், அது ஓட்டிலிருந்து வந்ததா, பாசியிலிருந்து வந்ததா என்று பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். மாத்திரையின் மேல்கூடு ஜெலட்டினா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.